மூன்று முறை நீட்ட வேண்டிய தட்டு

மொழிபெயர்ப்பாளரின் அப்பா வேலை பார்த்த செருப்பு ஆலை பூட்டிக் கிடந்தது. தூரதேசத்துக் குழு ஏற்றுமதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் திறக்கும். அதனால் குழுவை வரவேற்கவிருந்த தொழில்துறை இயக்குநரிடம் காலையிலேயே அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"சார், பரிசு கொடுத்தா அவங்க ரெண்டு தடவை வேண்டாம்பாங்க. அது அவங்க மரியாதை. மூணாவது தடவையும் நீட்டணும்."

"எனக்கே பாடமா? உன் வயசு என் சர்வீஸும்மா."

கையெழுத்து மேசையில் இயக்குநர் பரிசாக வெள்ளித் தட்டை நீட்டினார். குழுத்தலைவி புன்னகையோடு மறுத்தாள்.

"வேண்டாமாம், விடு" என்று தட்டை அலமாரியில் வைக்கப் போனார். தலைவியின் முகம் சுண்டிப்போனது. பேனாவை மூடிவிட்டாள்.

மொழிபெயர்ப்பாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டை வெடுக்கென்று வாங்கி, அவர்கள் மொழியிலேயே கெஞ்சி நீட்டினாள். தலைவி மறுத்தாள். இவள் மறுபடி நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்ட தலைவி, மலர்ந்த முகத்தோடு கையெழுத்திட்டாள்.

விருந்தினர் காரேறியதும் இயக்குநர் மீசையைத் தடவினார். "பாத்தியா? கொஞ்சம் பிகு பண்ணினாத்தான் வழிக்கு வருவாங்க. இதாம்மா ராஜதந்திரம்."

அவள் வெளியே வந்து அப்பாவுக்குப் போன் போட்டாள். "ஆலையத் திறந்துருவாங்கப்பா. யாரு சாதிச்சதுன்னு மட்டும் கேக்காதீங்க, எனக்கு வாயில நல்லா வந்துரும்."