முதல் அரை மணி

ஒரு மணி நேர வகுப்பை இரண்டாக வெட்டியது மூத்தவள்தான். முதல் அரை மணி உடம்பைத் தேற்ற, அது அவளுடையது. அடுத்த அரை மணி கரணம் பழக, அது இளையவளுடையது. அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் கீழும் மேலுமாக இருந்த ஓரகத்திகள் அவர்கள். பழைய கிடங்கு ஒன்றில் நீல மெத்தை விரித்து, புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு காலத்தில் தன்னோடு போட்டிகளில் ஆடியவளைக் கொழுந்தனுக்குப் பேசி முடித்ததும் மூத்தவள்தான். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டேன் என்று இப்போது கணவனிடம் சொல்கிறாள்.

சுவரில் கால் சாய்த்துத் தலைகீழாக நாற்பது எண்ணும்வரை நிற்காத பிள்ளையை மெத்தைக்கு விடக்கூடாது என்பது அவள் சட்டம். இளையவள் அதை மறுக்கவில்லை. முன்பின்னாக மாற்றச் சொன்னாள். தெம்பு இருக்கும்போது கரணம், போகிற நேரத்தில் சுவர். முதலில் தன்மையாகச் சொன்னாள். பிறகு அப்படிச் சொல்லவில்லை.

"கரும்பப் பிழிஞ்சிட்டு சக்கைய எங்கிட்ட தள்ளுறீங்கக்கா. அதுல நான் என்னத்த எடுக்க?"

"எடுக்கத் தெரிஞ்சவ சக்கையிலயும் எடுப்பா."

அதன்பின் வீட்டில் பேச்சு இல்லை. மாடியில் தண்ணீர் வழிந்தால் மூத்தவளின் எட்டு வயது மகள்தான் சித்தியிடம் தூது போனாள்.

நான்கு மாதமாகியும் ஒரு பிள்ளைகூட ஒழுங்காக உருளவில்லையே என்று பெற்றோர் கேட்டார்கள். சனிக்கிழமை எல்லோரும் வந்து பார்க்கட்டும், அதன்பிறகு ஒரு ஆசிரியை போதும் என்றார் கிடங்கை நடத்தும் மேலாளர். மூத்தவள் அன்றிரவு தூங்கவில்லை. வகுப்பு போனால் அவளுக்கு மிச்சம் அடுப்படிதான்.

சனிக்கிழமை வழக்கமான மூன்று சுற்றை ஐந்தாக்கினாள். தண்டால், படகு போல் மல்லாந்து கிடத்தல், மறுபடி சுவர். பிள்ளைகளின் முகத்தில் வியர்வை வழிந்தது. நாற்காலிகளில் இருந்தவர்கள் மெச்சிக்கொண்டார்கள். அதே வகுப்பில் பழகும் மகள், அம்மாவின் பெயரைக் காப்பாற்ற, எல்லோரையும்விட அதிக நேரம் சுவரில் நின்றாள். அவள் முழங்கை நடுங்கியது. மூத்தவள் பார்த்தாள்.

"இன்னும் பத்து" என்றாள்.

வகுப்பு கைமாறும்போது இளையவள் கிட்டே வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"இன்னிக்கு உருட்ட வேணாங்க்கா. எல்லாத்துக்கும் கை ஆடுது."

மூத்தவள் மேலாளருக்குக் கேட்கும்படி பேசினாள். "சொல்லிக்குடுக்க வரலன்னா வரலன்னு சொல்லு. புள்ளைங்க மேல பழியப் போடாத."

இளையவள் மெத்தையோரம் போனாள். விசிலை ஊதினாள்.

முதல் இருவர் கோணலாகச் சரிந்தார்கள். மூன்றாவது மகள். கைகளை ஊன்றினாள், கால்கள் நேராக மேலே போயின. இனி மோவாயை நெஞ்சோடு ஒட்டி உருள வேண்டும். அதற்குள் முழங்கைகள் மடங்கிவிட்டன. இளையவள் இடுப்பைப் பிடித்துவிட்டாள். அதற்குள் தோள் மெத்தையில் மோதிவிட்டது.

இருவரும் மண்டியிட்டார்கள். பிள்ளை அழவில்லை. அம்மாவைப் பார்த்துச் சொன்னது.

"கை போயிடுச்சும்மா. சுவத்துலயே போயிடுச்சு."

வேறு யாருக்கும் கேட்கவில்லை.

தோளோரக் காறையெலும்பில் விரிசல். மேலாளர் இளையவளை வேலையிலிருந்து நிறுத்தினார். விழுந்தது அவளுடைய அரை மணியில், கடிகாரம் அப்படித்தான் காட்டியது. ஐந்து சுற்று என்று மூத்தவள் சொல்லியிருக்கலாம். இரண்டே சொல். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை முழு மணியும் அவளுடையது. பிள்ளைகள் பழக்கத்தில் சுவரோரம் போய் நின்றார்கள்.

"சுவர் அப்புறம். மெத்தைக்கு வாங்க."

ஒன்பது பேரில் ஆறு பேர் சுத்தமாக உருண்டார்கள். விசிலையும் பையையும் எடுக்க வந்த இளையவள் கதவருகே நின்று ஆறு பேரையும் பார்த்தாள்.

"நல்லா வருதுக்கா" என்றாள். "யாரு சொன்ன வழி?"

மூத்தவள் பிள்ளைகளைச் சுவருக்கு அனுப்பினாள். கால்கள் மேலே ஏறின. எண்ணத் தொடங்கினாள்.

கைக்குத் தொட்டில் கட்டிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகள் எழுந்தாள். நல்ல கையால் சித்தியுடைய பையின் ஒரு காதைப் பிடித்தாள். இருவரும் வெளியே போனார்கள். அம்மாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

எண்ணிக்கை நின்றுபோயிருந்தது. சுவரோரம் ஒன்பது பிள்ளைகள் தலைகீழாகக் காத்திருந்தார்கள்.

"மிஸ், எத்தன ஆச்சு?"

அவளுக்குத் தெரியவில்லை.

"ஒண்ணு" என்றாள்.