உப்புப் பார்க்காத குழம்பு

விடிந்து வெயில் வந்தும் எல்லம்மாவின் வலது கை எழுந்திருக்கவில்லை. தோள்பட்டையில் பிடித்த குடைச்சல் முழங்கை வரைக்கும் இறங்கி, மணிக்கட்டில் வந்து சுளீர் சுளீரென்று அடித்தது. அதற்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. ஐந்து விரலும் வேறு யாரோ கழற்றிப் போட்டுவிட்டுப் போனவை மாதிரி பாயில் கிடந்தன. இருபது வருசத்துக்கு மேல் இறால் கம்பெனியில் ஐஸ் தண்ணீரில் முக்கி முக்கி உரித்த கை. கம்பெனிக்காரன் கூலியைக் கொடுத்துவிட்டு விரலை எடுத்துக்கொண்டான் என்று அவளே சொல்லிக்கொள்வாள். இடது கையால் அதைத் தூக்கி மடியில் போட்டு உருவினாள். உருவி முடித்து, ஒரு கெட்ட வார்த்தை சொல்லி வைதாள். எழுந்தாள்.

அன்றைக்குப் பொங்கல். மறுநாள் படையல். மாடு வைத்திருப்பவன் மறுநாள் மாட்டைக் குளிப்பாட்டுவான். கோட்டைக்குப்பத்தில் எல்லம்மா வீட்டில் மாடு ஏது? அவர்கள் செத்தவர்களுக்குச் சோறு வைப்பார்கள். மாமனாருக்குச் சுருட்டும் கால் பாட்டிலும், மாமியாருக்குச் சேலையும் வெற்றிலையும், ரெண்டு பேருக்கும் சேர்த்து மொச்சைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பும். அந்தக் குழம்பை யாரும் வாயில் வைத்து உப்புப் பார்க்கக் கூடாது. முதல் வாய் செத்தவர்களுடையது. எல்லாம் கைக்கணக்குதான்.

மாமியார் செத்த வருசம் கரண்டி எல்லம்மா கைக்கு வந்தது. மூத்த மருமகள். அதிலிருந்து முப்பது வருசமாக அவள் வீட்டில்தான் படையல். கொழுந்தன் வேணு தன் பொண்டாட்டி கலைவாணியோடு தோணிரேவிலிருந்து வருவான், நாத்தனார் ஹேமாவதி குடும்பம் பசியாவரத்திலிருந்து வரும். எல்லாரும் தின்று முடித்துச் சுவரில் சாய்ந்திருக்கும்போது எல்லம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருசம் என்னால ஆவாதுப்பா, யாராச்சும் எடுத்துக்கங்க" என்பாள். உடனே எல்லாரும் "உன் கை மாதிரி வருமா" என்று கத்துவார்கள். அந்தக் கத்தலைக் கேட்கத்தான் அவள் அதைச் சொல்வதே. போன வருசம் மட்டும் யாரும் கத்தவில்லை. தின்ற மயக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

முகம் கழுவிக்கொண்டு வந்தபோது வாசலில் ஒரு குட்டியானை லோடு வண்டி நின்றது. அவள் புருசன் வடிவேலுவும் கொழுந்தன் வேணுவும் பெரிய பித்தளை அண்டாவை ஆளுக்கொரு காதாகப் பிடித்து வெளியே தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாய்யா இது? ஈயம் பூசவா?"

வேணு அண்டாவுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டான். வடிவேலு தொண்டையைச் செருமினான். "இந்த வாட்டி படையல் தோணிரேவுல. கலைவாணி செய்யுது. உனக்கும் வயசாவுதுல்ல."

"யாரு சொன்னது?"

"நீதான் சொன்ன. என்னால ஆவாது, யாராச்சும் எடுத்துக்கங்கனு வருசா வருசம் சொல்லிக்கினுதான கீற."

"சொல்லுவேன். ஆயிரம் சொல்லுவேன். சொன்னா தூக்கிக்கினு பூடறதா? நீ கூடத்தான் குடிய வுட்டுட்டேன்னு வருசா வருசம் சொல்ற, நான் நம்பிட்டனா?"

வண்டிக்காரன் சிரித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஒரு வருசம் ரெஸ்ட் எடுத்துக்க அண்ணி," என்றான் வேணு.

"ரெஸ்ட்டா? உனக்குக் கண்ணாலம் ஆன வருசம் எனக்கு டைபாய்டு. கண்ணு சுத்த சுத்த உன் பொண்டாட்டி சாதிசனத்துக்கெல்லாம் நண்டு ஒடைச்சுக் குழம்பு வச்சேன். அன்னிக்கு எங்கடா போச்சு இந்த ரெஸ்ட்டு? கலைவாணியா கேட்டா?"

"அவ கேக்கல. நாங்களா பேசினோம்."

"நாங்கன்னா யாரு? நான் இந்த வூட்டுல வாடகைக்குக் கீறனா?"

"காலங்காத்தால பேஜார் பண்ணாத," என்றான் வடிவேலு. "அக்கம்பக்கம் பாக்குது."

"பாக்கட்டும். படையல் வூடு மாறிப் போறத ஊரு பாக்கட்டும்."

உள்ளே போய்ப் பெரிய கரண்டியை எடுத்து வந்து, இடது கையால் வீசினாள். அது வண்டியின் தகரத்தில் மோதிப் பெரிய சத்தம் போட்டது. பக்கத்து வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின. வடிவேலு குனிந்து கரண்டியை எடுத்து அண்டாவுக்குள் வைத்தான். எதற்கும் எகிறுகிற மனுசன் பேசாமல் போனது அவளுக்கு இன்னும் எரிந்தது.

அன்று முழுக்க அவள் அடுப்பு மூட்டவில்லை. கார்த்திகையில் அவளே உப்புப் போட்டுக் காயவைத்த மடவைக் கருவாடு பானையில் இருந்தது. தனியாக ஒரு படையல் போட்டுவிடலாமா என்று ஒரு யோசனை ஓடியது. ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு படையல்தான். ரெண்டு வீட்டில் இலை போட்டால் செத்தவர்கள் ரெண்டு வாசலுக்கும் நடுவில் நின்று பட்டினியாகத் திரும்பிவிடுவார்கள். மாமியாரைப் பட்டினி போடுகிற அளவுக்கு அவளுக்கு ஆங்காரம் இல்லை. பானை வாயைத் துணியால் கட்டிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஹேமாவதி வந்தாள். வாய் நிறைய வெற்றிலை.

"கெளம்பு அண்ணி."

"எனக்குக் கால் வலி."

"கையினுதான சொல்லிக்கினு இருந்த? அது எப்போ காலுக்கு எறங்குச்சு?"

"நேத்து எறங்குச்சு. உங்க அண்ணன் அண்டாவத் தூக்குனான் பாரு, அப்போ."

"மூத்தவ நீ இல்லாம எங்க அம்மா அந்த வூட்டு வாசப்படி ஏறுவாளா?"

"உங்க அம்மா நான் வச்ச சோத்துக்கு வந்துக்கினு இருந்தா. போன வருசம் நெனப்பு கீதா உனக்கு? கடைசில நான் குந்தும்போது ஒரு சொட்டுக் குழம்பு இல்ல. சட்டிய வழிச்சுட்டீங்க. வெறும் ரசத்த ஊத்தித் தின்னேன். வயிறு காஞ்சாலும் மனசு ரொம்பிப்போச்சு. அந்தக் கைய வேணாம்னுட்டீங்க."

ஹேமாவதி வெற்றிலையைத் துப்ப வெளியே போனாள்.

கடைசியில் எல்லம்மா கிளம்பினாள். சமாதானமாகி ஒன்றும் கிளம்பவில்லை. கலைவாணி எப்படிச் செய்கிறாள் என்று பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

தோணிரேவில் கலைவாணி வீட்டுக் கூடம் முழுக்க ஆட்கள். நடுவில் தலைவாழை இலையில் சுருட்டு, பாட்டில், புதுச் சேலை, வடை, அவித்த வள்ளிக்கிழங்கு. குழம்பு மட்டும்தான் பாக்கி. கலைவாணி அடுப்படியில் நின்றாள். மற்ற நாளில் தலையில் மீன் கூடையோடு பொன்னேரி மார்க்கெட்டில் நிற்கிறவள்; கழுத்து கூடைக்குப் பழகி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். எல்லம்மாவைப் பார்த்து, "வாக்கா, குந்து" என்றாள். எல்லம்மா குந்தவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

கலைவாணி கரண்டி நுனியால் குழம்பை எடுத்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கினாள்.

"அடிப்பாவி!"

கூடத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"வாயில வச்சுட்டியாடி? எங்க அத்தைக்கு எச்சிக் குழம்பா?"

கலைவாணி கேஸைக் குறைத்தாள். "வச்சேன்க்கா. உப்புப் பாத்தேன். சத்தம் போடாத."

"போடுவேன்! முப்பது வருசம் வாயில வைக்காம சமைச்சவடி நான். தெரியாதுன்னா தெரியாதுனு சொல்லு. கலீஜ் பண்ணிட்டு நிக்கிற. நான் வச்ச குழம்பு ஒரு சொட்டு மிஞ்சினது உண்டா? போன வருசம் மிஞ்சிச்சா?"

"போன வருசமா?" என்றாள் கலைவாணி.

"ஏய், வேணாம்," என்று கூடத்திலிருந்து வேணு எழுந்தான்.

"நீ குந்துய்யா. ஒரு வருசமா வாய மூடிக்கினுதான கீறேன்?" கலைவாணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எல்லம்மாவுக்கு நேராக வந்து நின்றாள். "போன வருசம் நீ கருவாட்ட அலசாமலே போட்டுட்ட. அதுக்கு மேல உப்பும் போட்டுட்ட. உப்பள மண்ண அள்ளி வாயில வச்ச மாதிரி இருந்துச்சு. உன் வூட்டுக்காரரு மொத வாய் வச்சுட்டு எல்லாரையும் ஒரு பார்வ பாத்தாரு. மூஞ்சி சுளிச்சவன் செத்தான்னு கண்ணாலயே சொன்னாரு. பசங்க தண்ணியக் குடிச்சுக் குடிச்சு முழுங்குச்சுங்க. நீ எலை எலையா வந்து எப்படிக்கீதுனு கேட்ட. நான் வழிச்சுத் தின்னுட்டு நல்லாக்கீதுக்கானு சொன்னேன். மிச்சத்த உனக்குத் தெரியாம எடுத்துக்கினு போயி ஏரிக்கரையில கொட்டுனதும் நான்தான். காக்கா கூடத் தொடல."

கலைவாணியின் குரல் இறங்கியது. "நானும் வாயில வைக்கக் கூடாதுனுதான் இருந்தேன். ஆனா ரெண்டாவது வருசமும் அத்தைக்கு அப்படிப் போட மனசு வரலக்கா."

எல்லம்மா தன் வலது கையைப் பார்த்தாள். ஊறின கருவாட்டை விரலுக்குள் வைத்துத் தேய்த்தால் உப்பு நறநறவென்று தெரியும். நறநறப்பு அடங்கினால் அலசியது போதும் என்று கணக்கு. அது வாய்க்குத் தெரியாத, விரலுக்கு மட்டுமே தெரிந்த கணக்கு. போன வருசம் முதல் தண்ணீரிலேயே விரலில் ஒன்றும் நறநறக்கவில்லை. கருவாடு சுத்தமாகிவிட்டது என்று நினைத்தாள். விரல் செத்துவிட்டது என்று தோன்றவில்லை.

அவமானம் அப்படியே கோபமாகிவிட்டது. கலைவாணியை விட்டு வடிவேலுவின் பக்கம் திரும்பினாள்.

"யோவ். ஒரு வருசம் பக்கத்துல படுத்துக்கினு இருந்தியே."

வடிவேலு தரையைப் பார்த்தான். "இன்னானு சொல்றது? நீ எங்கம்மா பேரச் சொல்லிக் கையக் கூப்பிக்கினு நின்ன. வாய் வரல."

"அன்னிக்கு வரல, சரி. மறுநா? மறுமாசம்? உப்பு ஜாஸ்தினு சொல்ல வாய் வரல. வயசாச்சுனு சொல்லி அண்டாவத் தூக்க மட்டும் வாய் வந்துச்சா? உப்புனு சொல்லியிருந்தா இந்த வருசம் பக்கத்துல ஒருத்திய குந்தவச்சு நல்லா அலசியிருப்பேன்யா. வயசுனு சொன்னா நான் எத்த அலசறது?"

தின்று, மறைத்து, கூடிப் பேசி, முடிவு பண்ணி, வண்டியும் பிடித்த மொத்தக் குடும்பமும் சுவரோரமாகத் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. பாசமாம். பாசத்தைக் காட்ட இவர்களுக்குக் கிடைத்த வழி அவளை ஒரு வருசம் முட்டாளாக வைத்திருப்பதுதான்.

"சோறு ஆறுது," என்றாள் ஹேமாவதி மெல்ல. "கற்பூரத்த ஏத்துங்க."

கலைவாணி குழம்பை ஊற்றி இலையில் வைத்தாள். கற்பூரத் தட்டையும் தீப்பெட்டியையும் எல்லம்மாவிடம் நீட்டினாள். "நீ ஏத்துக்கா. மூத்தவ."

அந்த விரலுக்குத் தீக்குச்சி நிற்காது. இத்தனை பேர் முன்னால் குச்சி குச்சியாகக் கீழே விழும், அதையும் பார்க்காத மாதிரி பார்ப்பார்கள்.

"சமைச்சவ ஏத்து," என்றாள்.

கலைவாணி ஏற்றினாள். எல்லாரும் கும்பிட்டார்கள். எல்லம்மாவும் கும்பிட்டாள். மாமியாரிடம், போன வருசத்துக்கு என்னை ஒன்றும் சொல்லாதே, இவர்களைக் கேள் என்று மனசுக்குள் சொன்னாள்.

முதல் பந்தியில் அவளை உட்காரவைத்தார்கள். படையல் அன்று முதல் பந்தியில் அவள் உட்கார்ந்ததே இல்லை. எந்தக் காலை எங்கே மடக்குவது என்று தெரியவில்லை. சோற்றைப் பிசைந்தாள், பாதி வாய்க்குப் போனது, பாதி இலையில் உதிர்ந்தது. மொச்சை குழைந்திருந்தது. கருவாட்டில் உப்பு எவ்வளவு நிற்க வேண்டுமோ அவ்வளவு நின்றது. குறை சொல்ல ஒன்று கிடைக்காதா என்று ரெண்டாவது வாய், மூன்றாவது வாய் என்று தேடினாள். புளியிலும் இல்லை, காரத்திலும் இல்லை. கோபம் ஆறவில்லை, அப்படியும் சோறு இறங்கிக்கொண்டே இருந்தது.

கலைவாணி குழம்புக் கரண்டியோடு எதிரில் குனிந்தாள். "உப்பு சரியாக்கீதாக்கா?"

"சோறு போடு," என்றாள் எல்லம்மா.

போட்டாள். குழம்பும் ஊற்றினாள். ஊற்றிவிட்டு எல்லம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எல்லம்மா இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கலைவாணி அடுத்த இலைக்குப் போனாள். அடுத்த இலைக்காரன் அவள் கேட்காமலே, "செமயாக்கீது அண்ணி" என்றான். அது எல்லம்மா காதிலும் விழுந்தது.

சாயங்காலம் ஷேர் ஆட்டோ வரைக்கும் கலைவாணி கூட வந்தாள். விடியலுக்கு முன்னாலேயே எழுந்த முகம், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "பாத்துப் போக்கா" என்றாள். எல்லம்மா தலையை மட்டும் ஆட்டினாள். வடிவேலு ஏறிப் பக்கத்தில் உட்கார வந்தான். "முன்னாடி போய்க் குந்து" என்று துரத்திவிட்டாள். வண்டி கிளம்பியது.

அவனோடு போட வேண்டிய சண்டை இன்னும் நிறைய இருந்தது. அதை வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம். கலைவாணியிடம் போட ஒரு சண்டையும் இல்லை. உப்புக் கரித்த சோற்றை வழித்துத் தின்றுவிட்டு நல்லாக்கீதுக்கா என்று சொன்னவள் அவள். அவள் சோறு நிஜமாகவே நன்றாக இருந்தது. ரெண்டு தரம் வாங்கித் தின்றும் எல்லம்மா அதைச் சொல்லவில்லை. நல்லாக்கீது என்கிற அந்த ஒரு சொல்லை எல்லம்மா கலைவாணிக்குக் கொடுக்க வேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.