பிரேக் ஆயில்

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"அப்படியே புடிச்சுக்கோ. வுட்றாத."

வேனின் பின்சக்கரம் இருந்த இடத்துக்குக் கீழே சாக்கை விரித்துப் படுத்திருந்தான் இருதயராஜ். கழற்றிய சக்கரம் சுவரோரம் சாய்ந்திருந்தது. வண்டி ஒரு ஜாக்கியையும் இரண்டு கருங்கல்லையும் நம்பி நின்றது. டிரைவர் சீட்டில் அவன் மனைவி ஆரோக்கியசெல்வி, கோயிலுக்குப் போகக் கட்டிய பச்சைப் புடவையோடு, பிரேக்கை ஒரு காலால் மிதித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவன் ஸ்பேனரைக் கால் சுற்று திருப்பினான். எண்ணெயும் காற்றும் கலந்து புஸ்ஸென்று வந்து முழங்கையில் வழிந்தது.

"கீழ போவுதுங்க."

"போவட்டும். கால எடுத்துறாத. ம்... இப்ப வுடு."

"பூசை ஆரம்பிச்சிருப்பாங்க. சாமியார் போன வாரமே கேட்டாரு, உங்க வூட்டுக்காரு எங்கன்னு."

"வண்டிக்கு அடியில படுத்துக்கினு செபம் பண்றாருன்னு சொல்லு."

அவள் சிரித்துவிட்டாள். அவனுக்கும் குஷியாகத்தான் இருந்தது. பிரேக்கில் எண்ணெய் கசிந்த இடத்தைக் கண்டுபிடித்து, உள்ளே இருந்த தேய்ந்த ரப்பரை மாற்றிப் பூட்டியாயிற்று. எல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றது. திண்டிவனத்தில் தேவாவின் மெக்கானிக் ஷெட்டில் விட்டிருந்தால் வண்டி இரண்டு நாள் நின்றிருக்கும்.

இடம் பிரம்மதேசத்தில் தாண்டவராயனின் டிராக்டர் ஷெட். வேனும் அவருடையதுதான். பெருமுக்கல் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போய்த் திண்டிவனத்துக்கு வெளியே இருக்கும் ஷூ கம்பெனியில் இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றி வருவது இருதயராஜின் வேலை. அந்தப் பெண்களைக் கம்பெனிக்கு அனுப்பும் காண்ட்ராக்டும் தாண்டவராயன் கையில்தான். அவர் பெயர் கொடுத்தால் உள்ளே போகலாம், பெயரை எடுத்தால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆரோக்கியசெல்வியும் அப்படித்தான் அங்கே பசை ஒட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கலைப்பிரியா என்ற பெண் பி.எஃப். பிடித்தம் பற்றி ஒரு வார்த்தை கேட்டதற்கு, மறுநாள் வேனில் இடமில்லை என்று தாண்டவராயன் சொல்லச் சொன்னார். சொன்னவன் இருதயராஜ்தான். ரோட்டில் சாப்பாட்டுக் கூடையோடு நின்ற அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமலே கியர் போட்டான்.

தாண்டவராயன் யாரோ விருந்தாளியோடு ஷெட்டுக்குள் வந்தார். வெள்ளை வேட்டி கிரீஸில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா, நம்ப ஆளு. மெக்கானிக்குக்கு நான் ஒரு பைசா அழுவறது கிடையாது. எல்லாம் இவனே பாத்துக்குவான். ஒரு எஞ்சினீயருன்னு வெச்சிக்கோங்களேன்."

இருதயராஜ் வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்து எழுந்து நின்றான். கையைப் பின்னால் துடைத்துக்கொண்டே பல்லைக் காட்டினான். விருந்தாளியும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் அவனுக்கு ஒரு வாரத்துக்குப் போதும்.

"பிரேக் ஆயிலு பத்தலிங்க மொதலாளி. காத்து எடுத்ததுல பாதி வெளிய வந்துடுச்சி. திண்டிவனம் போய் ஒண்ணு வாங்கியாந்துட்டா..."

"அதுக்கு இன்னாத்துக்கு அம்மாந்தூரம் போவணும்? இங்கியே கீதே." டிராக்டருக்குப் பின்னால் இருந்த அலமாரியிலிருந்து ஒரு பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலை எடுத்து அவன் கையில் கொடுத்தார். முக்கால் பாட்டில் எண்ணெய் இருந்தது. "ஊத்து. ஜல்தி முடிச்சிட்டு வா. டீ போடச் சொல்றேன்."

அவர்கள் போன பிறகு மூடியைத் திறந்தான். ஒரு சொட்டை விரலில் விட்டுத் தேய்த்தான். வழவழப்பு கூடுதலாக இருந்தது. முகர்ந்தான். பிரேக் ஆயிலின் காட்டமான வாடை இல்லை. டிராக்டரில் கலப்பையைத் தூக்கி இறக்கும் பக்கம் வருகிற வாடை.

"என்னாங்க பாக்கறீங்க?" என்றாள் ஆரோக்கியசெல்வி.

"ஒண்ணுமில்ல."

கேட்டிருக்கலாம். பின்னாலேயே போய், மொதலாளி இது வேற எண்ணெய் மாதிரி கீதுங்க என்று ஒரு வார்த்தை. ஆனால் எஞ்சினீயர் என்று சொல்லி நிமிஷம் ஆகவில்லை. அதற்குள் போய், எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று நிற்பதா? அவர் வீட்டில் எண்ணெய் எது என்று அவருக்குத் தெரியாதா? ஊற்றினான். ஆரோக்கியசெல்வி மறுபடி மிதித்தாள். பிரேக் கல் மாதிரி நின்றது.

"பாத்தியா!" என்றான்.

திங்கள், செவ்வாய் வண்டி நன்றாகத்தான் ஓடியது. வேனில் பெண்கள் அவனை "எஞ்சினீயர் அண்ணா" என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். ஆரோக்கியசெல்விதான் வீட்டுக்காரர் பெருமையை அவிழ்த்துவிட்டிருந்தாள். டீசல் போட நிறுத்திய இடத்தில் தேவா எதிர்ப்பட்டான்.

"என்னாண்ணே, ஷெட்டுப் பக்கமே காணோம்?"

"உன் கடைக்கு இனிமே பூட்டுதான்டா. எல்லாம் நானே பண்ணிக்கினு கீறேன்."

பெண்கள் ஓவென்று சிரித்தார்கள். தேவாவும் சிரித்தான். "பாத்துண்ணே, பிரேக்குல மட்டும் வெளையாடாத," என்று சொல்லிவிட்டுப் போனான். பொறாமை என்று நினைத்துக்கொண்டான் இருதயராஜ்.

புதன்கிழமைக்கு மேல் வண்டி இழுக்கவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் சக்கரம் பிடித்துக்கொண்டே வந்தது. கம்பெனி வாசலில் நிறுத்தும்போது சக்கரத்தில் கருகல் வாடை அடித்தது. தேவாவிடம் போகலாமா என்று நினைத்தான். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது? ஓரமாக நிறுத்தி, சக்கரத்தருகே குனிந்து, கொஞ்சம் எண்ணெயைக் கசியவிட்டு முடுக்கினான். பிடி விட்டது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சரியாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை. மரக்காணம் ரோட்டில் திண்டிவனத்தை நெருங்கும்போது முன்னால் போன பஸ் ஆளை ஏற்ற நின்றது. இருதயராஜ் பிரேக்கை மிதித்தான். கால் தடையே இல்லாமல் தரைவரைக்கும் போனது. மறுபடி மிதித்தான். அப்படியே போனது. "மாதாவே!" என்று ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தான். வேன் ரோட்டைவிட்டு இறங்கி, கரண்டு கம்பத்தில் இடது பக்கத்தை உரசித் தேய்த்துக்கொண்டு நின்றது.

பின்னால் இருந்தவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. முன் சீட்டில் ஜன்னலோரம் பூமாலை உட்கார்ந்திருந்தாள். பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வருகிறது என்று அவளுக்கு எப்போதும் அந்த இடம். பயத்தில் ஜன்னல் விளிம்பை இறுக்கிப் பிடித்த அவளுடைய இடது கை, கம்பத்துக்கும் கதவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஆரோக்கியசெல்வி தன் முந்தானையைக் கிழித்துச் சுற்றினாள். துணி உடனே நனைந்தது.

மறுநாள் தேவாவின் ஷெட்டுக்கு வேனை இழுத்து வந்து போட்டார்கள். தாண்டவராயன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பூமாலையின் புருஷன் மணிமாறன் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தான். சட்டையில் ரத்தக்கறை அப்படியே இருந்தது. ஆரோக்கியசெல்வி வாசலில் நின்றாள். இருதயராஜ் தூணோரம் நின்றான்.

பிரேக்குக்கு எண்ணெய் தள்ளும் பகுதியைத் தேவா பிரித்தான். உள்ளே இருந்து ரப்பரை விரலால் வெளியே எடுத்தான். ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பிப் பிய்ந்திருந்தது. வேனில் கிடந்த பாட்டிலில் மீதியிருந்த எண்ணெயை முகர்ந்து பார்த்தான்.

"இது டிராக்டர் எண்ணெயாச்சே. பிரேக் ரப்பர தின்னுடுமே இது. யாருண்ணே இத ஊத்துனது?"

எல்லாரும் இருதயராஜைப் பார்த்தார்கள்.

"சொல்றா, தேவா கேக்கறான் இல்ல?" என்றார் தாண்டவராயன். "ஊத்தும்போது என்னா ஏதுன்னு பாக்க மாட்ட?"

இருதயராஜ் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். மறந்துவிட்டாரோ என்றுதான் முதலில் நினைத்தான். அவர் கண் கொஞ்சமும் விலகவில்லை. மறக்கவில்லை என்று தெரிந்தது. நீங்க குடுத்ததுதானுங்களே என்ற சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. வாசலில் ஆரோக்கியசெல்வி நின்றிருந்தாள். திங்கட்கிழமை கம்பெனி கேட்டில் அவள் பெயர் இருக்காது. அதுகூடப் பரவாயில்லை. முகர்ந்து பார்த்தவன் அவன்தானே. தெரிந்துதானே ஊற்றினான்.

"ஷெட்டுல இருந்துச்சி. நானே எடுத்து ஊத்திட்டேன்."

"கேட்டுக்கோங்க!" தாண்டவராயன் தொடையைத் தட்டினார். "தேவாகிட்ட வுடு, தேவாகிட்ட வுடுன்னு தலையால அட்சிக்கினேன். எனக்கே எல்லாம் தெரியும் மொதலாளின்னான். சரி போ, வேலய வுட்டுப் போறான், எங்கியாவது பொழச்சிப் போவட்டும். நான் கேஸ் கீஸுன்னு போவல. உன் பொஞ்சாதி வைத்தியத்த நான் பாக்கறேன் மணிமாறா, நீ பேஜாரு பண்ணிக்காத."

மணிமாறன் ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் தேவலை. அவன் பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் கேட்டான். "உன்ன நம்பித்தானண்ணே முன் சீட்டுல உக்கார வெச்சி அனுப்பினேன்?"

தேவா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை தாண்டவராயனையும் ஒருமுறை இருதயராஜையும் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்து ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைக்க ஆரம்பித்தான். திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் அவருக்கு இருக்கிற டிராக்டரெல்லாம் அவன் ஷெட்டுக்குத்தான் வரும்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஆரோக்கியசெல்வி ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். பெருமுக்கல் மலை தெரிய ஆரம்பித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அவரு கையால குடுத்தாரு. நான் பாத்தனே."

"சும்மா இரு."

"நீங்க மோந்து பாத்தீங்க. நான் கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னீங்க."

அவன் பஸ் டிக்கெட்டை விரலில் சுருட்டினான். வெட்கத்தில் காது மடல் சுட்டது. பின் சீட்டில் இருந்த யாரோ, "அதோ கீறாரு பாரு, எஞ்சினீயரு," என்றது தெளிவாகக் கேட்டது. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆரோக்கியசெல்வி தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோனாள். பூமாலை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது கை முழங்கைவரைக்கும் வெள்ளைக் கட்டாக இருந்தது. இரண்டு விரலை எடுத்தாயிற்று, மீதி மடங்காது என்று டாக்டர் சொன்னதாக மணிமாறன் சுவரைப் பார்த்துச் சொன்னான். பூமாலை ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறவள். தையல் மெஷினில் வலது கையால் தள்ளினாலும் தோலை வளைத்துத் திருப்பிக் கொடுப்பது இடது கை.

இருதயராஜ் வார்டு கதவுக்கு உள்ளே வரவில்லை. பூமாலை ஒரு தடவை அவன் பக்கம் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உள்ள வரச் சொல்லட்டுமா?" என்றாள் ஆரோக்கியசெல்வி.

"வேணாங்கா. பாத்தாலே கை வலிக்குது."

ஆரோக்கியசெல்வி கஞ்சியை ஸ்பூனால் ஆற்றி ஆற்றி ஊட்டினாள். சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு வாய்க்கும் தோன்றியது. ஒவ்வொரு வாய்க்கும் அடுத்த ஸ்பூனை நீட்டினாள்.

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. தாண்டவராயன் வந்தார். கையில் ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் ஒரு கவரில். கதவோரம் நின்ற இருதயராஜ் அனிச்சையாகத் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒதுங்கி வழிவிட்டான். அவர் அவனைப் பார்க்காமல் உள்ளே போனார். மணிமாறன் ஓடிப்போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"எப்படிம்மா கீற?" கட்டைக் குனிந்து பார்த்தார். "நல்லவேள, எடது கையா போச்சி. சாமி புண்ணியம். சோறு திங்கற கை தப்பிச்சிது. ஆனது ஆயிப்போச்சி. புது டிரைவர் போட்டுட்டேன், திங்கக்கிழமையிலிருந்து வண்டி ஓடும். நீ தெம்பாயி வா, கம்பெனில கூட்டிப் பெருக்கற வேலையாவது கேட்டு வாங்கித் தர்றேன். நான் சொன்னா தருவாங்க."

பூமாலையின் கண் கலங்கியது. "நீங்க மட்டும் இல்லன்னா எங்க கதி என்னாங்க மொதலாளி," என்றாள். வலது கையைத் தூக்கினாள். இடது கை மடியை விட்டு எழவில்லை. ஒற்றைக் கையால் கும்பிடுவது மரியாதை இல்லை என்று அவளுக்குச் சங்கடமாக இருந்தது. பக்கத்தில் திரும்பினாள்.

"அக்கா, இத கொஞ்சம் தூக்கிப் புடியேன்."

ஆரோக்கியசெல்வி கஞ்சித் தூக்கைக் கீழே வைத்தாள். கதவுப் பக்கம் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அந்தக் கட்டுப்போட்ட கையை வலிக்காமல் இரண்டு கையாலும் ஏந்தி மெதுவாக உயர்த்தி, பூமாலையின் வலது கையோடு சேர்த்துப் பிடித்தாள்.

"இருக்கட்டும்மா, இருக்கட்டும்," என்றார் தாண்டவராயன்.