ஏழாவது வரிசை

இது நடந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. நடந்தபடியே நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். கூட்டம் நடந்த அறையில் ஜன்னல் இருந்ததா, அண்ணன்காரன் அன்று உட்கார்ந்திருந்தானா நின்றானா, இதெல்லாம் ஒவ்வொரு முறை யோசிக்கும்போதும் மாறிப்போகிறது. மாறாமல் இருப்பது எண்கள் மட்டும்தான். பத்து ஓட்டுநர்கள், முப்பது நாட்கள், அதில் ஒருவனுக்கு மட்டும் இருபத்தாறு.

அந்த எண்களைப் போட்டவளை வீட்டில் புள்ளி என்று கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் தசமப் புள்ளி ஒன்று இடம் மாறிப் போனதற்காக ஆசிரியையோடு மல்லுக்கு நின்றவள். பிறகு பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம் அப்ளைடு மேத்ஸ் என்கிற பயன்பாட்டுக் கணிதம் படித்தாள். அந்தத் துறையின் தாழ்வாரத்தில், இதைப் படித்தவர்கள் எங்கெல்லாம் போகலாம் என்று ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தார்கள். காப்பீடு, வானிலை, மருத்துவமனை, பங்குச்சந்தை, போக்குவரத்து. அதைப் புள்ளி வீட்டில் வந்து சொன்னபோது அண்ணன் சிரித்த சிரிப்பின் காயம் அவளுக்குக் கடைசிவரை ஆறவில்லை.

"கணக்கு படிச்சா டீச்சர் ஆகலாம். இல்லேன்னா பேங்குல உக்காரலாம். மூணாவதா என்னடி இருக்கு? அப்ளைடுன்னா என்ன, வேலைக்கு அப்ளை பண்ணிட்டே இருக்கறதா?"

அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுபவன். பதினாலு வருட அனுபவம், ஒரு விபத்து கிடையாது. அதை அவன் வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லிக்காட்டுவான். படிப்பு முடிந்து ஏழெட்டு மாதம் சும்மா இருந்த பிறகு, அதே போக்குவரத்துக் கழகத்தின் அட்டவணைப் பிரிவில் புள்ளிக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. அவன் வாழ்த்துச் சொல்லவில்லை. "இனிமே நான் எத்தனை மணிக்கு எந்திரிக்கணும்னு இவ சொல்லுவா" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

பிரிவின் அதிகாரி முதல் நாளே விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார். ஒரு வழித்தடம், பத்து ஓட்டுநர்கள். அவர்களுக்கு ஒரு மாதத்துக்கான பணிப்பட்டியலை அவள் படித்த கணக்கை வைத்துக் கணினியில் போட வேண்டும். பழைய பட்டியலைவிட நன்றாக வந்தால் நிரந்தரம். இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த வழித்தடத்தில் எல்லாரும் வெறுக்கும் வேலை ஒன்று உண்டு. காலை ஐந்திலிருந்து ஒன்பதுவரை வண்டி, பிறகு ஏழு மணி நேரம் சும்மா, மறுபடி நாலிலிருந்து எட்டுவரை வண்டி. 'ஸ்பிளிட்' என்பார்கள். நடுவில் மாற்று ஆள் தேவைப்படலாம் என்று வீட்டுக்கு விடவும் மாட்டார்கள், பணிமனையில் படுக்கவும் இடம் கிடையாது. ஆளுக்கு மாதம் மூன்று நாள் என்று இதுநாள்வரை பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

புள்ளி ஒரு படிவம் தயாரித்தாள். ஒவ்வொரு வகை வேலையும் உங்களுக்கு எவ்வளவு சிரமம், ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் போடுங்கள். பத்துப் பேரின் சிரமத்தையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை எவ்வளவு குறைய முடியுமோ அவ்வளவு குறைய வேண்டும். அதுதான் அவள் கணினிக்கு இட்ட கட்டளை. ஒன்பது பேர் ஸ்பிளிட்டுக்கு ஒன்பதும் பத்தும் போட்டிருந்தார்கள். ஏழாவது வரிசையில் இருந்த அண்ணன் எல்லாக் கட்டத்திலும் ஒன்று என்று போட்டிருந்தான். பேனாவை அழுத்தியதில் காகிதம் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது.

"உன் பேப்பருக்கு நான் மார்க் போடணுமா?" என்று முந்தின நாள் அவன் கேட்டிருந்தான். "எந்த வண்டியக் குடுத்தாலும் ஓட்டுவேன். போய் எழுதிக்கோ."

பட்டியல் பணிமனைப் பலகையில் ஏறியது. கூட்டுத்தொகை முப்பத்தொரு சதவீதம் இறங்கியிருந்தது. அதிகாரி அவள் மேசைக்கே வந்து, "படிச்ச பிள்ளைன்னா சும்மாவா" என்றார். மூன்றாம் நாள்தான், இந்த முப்பத்தொன்று எங்கிருந்து வந்தது என்று புள்ளி துருவிப் பார்த்தாள். ஸ்பிளிட் முப்பதில் இருபத்தாறு ஏழாவது வரிசையில் இருந்தது. மிச்சம் நாலும் அவனுடைய வாராந்தர விடுமுறை நாட்களில் மற்றவர்களுக்கு விழுந்தவை.

கணினி சொன்னதைத்தான் செய்திருந்தது. ஒருவன் தலையில் அதிகபட்சம் எவ்வளவு ஏற்றலாம் என்று அவள் வரம்பு போடவில்லை. ஒரே ஒரு வரி. இரண்டாம் வருட மாணவன்கூட விடமாட்டான்.

அன்றைக்கே அதிகாரியிடம் போயிருக்கலாம். புள்ளி போகவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, பொய்யில்லை. ஆனால் அது மட்டுமல்ல என்பது அவளுக்குத் தெரியும். அந்த ஏழாவது வரிசையைப் பார்த்தபோது அண்ணனின் பழைய சிரிப்பு அவளுக்கு ஞாபகம் வந்தது. நீதானே ஒன்று போட்டாய், நீதானே எந்த வண்டியும் ஓட்டுவேன் என்றாய். ஓட்டு. திரையை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.

வீட்டில் பேச்சு நின்றுபோனது. அண்ணன் நாலு மணிக்கு எழுந்து போவான், இரவு ஒன்பதரைக்குத் திரும்புவான், சாப்பிட்ட தட்டைச் சத்தமாக வைப்பான். பகல் முழுக்கப் பணிமனையில் நிறுத்தியிருக்கும் வண்டியின் கடைசி இருக்கையில் படுத்துக் கிடக்கிறானாம், தகரக் கூரை காய்கிறதாம். அண்ணி இதைப் புள்ளியைப் பார்க்காமல், கழுவுகிற பாத்திரத்தைப் பார்த்துச் சொல்லுவாள். புள்ளி தன் அறைக்குப் போய்விடுவாள். அந்த வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. அவரவர் மௌனம் அடுத்தவருக்குக் கேட்டது.

இருபத்தெட்டாம் நாள் அண்ணனுக்கு விடுமுறை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"கம்ப்யூட்டர்தான் போடுதாமே. அதுக்கு என் மேல என்ன காண்டு?"

"நீ எல்லாத்துக்கும் ஒண்ணு போட்டிருந்த."

"ஒண்ணுன்னா?"

"கஷ்டமே இல்லன்னு அர்த்தம்."

"ஓ." அவன் தலையை ஆட்டினான். "கஷ்டம் இல்லன்னு ஒருத்தன் சொன்னா, ஊர்ல உள்ள மொத்தத்தையும் அவன் தலையில கட்டிருவீங்க. இதுக்கு அஞ்சு வருசப் படிப்பு. இதச் செய்ய எங்க டிப்போ மேஸ்திரியே போதுமேடி."

"அதுல ஒரு தப்பு ஆயிருச்சு" என்றாள் புள்ளி. சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது.

"தப்பா? எப்ப தெரியும் உனக்கு?"

தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி அதை மூடினாள்.

"கேக்கறாருல்ல, சொல்லு" என்றாள் அண்ணி.

"மூணாம் நாள்."

அவன் கத்துவான் என்று இருவரும் காத்திருந்தார்கள். கத்தவில்லை. கையைக் கழுவிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். பாதிச் சோறு தட்டில் கிடந்தது. "பாம்புக்குக்கூட மிதிச்சாத்தான் கோவம் வரும். உன்னை யாரு மிதிச்சா?" என்றாள் அண்ணி. அவள் நாத்தனாரிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் முறை.

இரண்டு நாள் கழித்துப் பரிசீலனைக் கூட்டம். பத்து ஓட்டுநர்களும் வந்திருந்தார்கள். ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டு, இந்தப் பட்டியலே தொடர வேண்டும் என்று ஒரு மனுவே எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். அதிகாரிக்கு முகமெல்லாம் பல். "யாருக்காவது குறை இருக்கா?" என்று கேட்டு, பத்தாவது ஆளைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றான் அண்ணன். தங்கையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான்.

அதோடு முடிந்திருக்கும். வேலை நிரந்தரமாகியிருக்கும். அவன் அந்த ஸ்பிளிட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவான், ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து தட்டைச் சத்தமாக வைப்பான். அந்தச் சத்தத்தோடு எத்தனை வருடம் வாழ முடியும் என்று புள்ளி யோசித்துப் பார்த்தாள். அவன் மேல் இரக்கம் வரவில்லை. அவனுக்குக் கடன்பட்டவளாக இருக்கத்தான் அவளால் முடியாது.

"பட்டியல் தப்பு சார்" என்றாள். "ஆளுக்கு ஒரு வரம்பு போடணும். நான் விட்டுட்டேன். ஏழாவது ஆள் எல்லாத்துக்கும் ஒண்ணு போட்டதால மொத்தமும் அவர்கிட்ட போயிருச்சு. வரம்பு போட்டா முப்பத்தொண்ணு வராது, ஒம்பதுதான் வரும்."

பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

"ஏன்யா, எல்லாத்துக்கும் ஒண்ணா? ஹீரோதான் நீ!"

"ஒத்த மார்க்கு! ஏ ஒத்த மார்க்கு!"

"அவரே சும்மா இருக்காரு, உங்களுக்கு ஏம்மா?" என்றார் அதிகாரி, பல் மறைந்துபோன முகத்தோடு. "நல்லா ஓடறத யாராவது கெடுப்பாங்களா?"

அண்ணன் அவள் அருகில் வந்தான். முகம் காது வரைக்கும் சிவந்திருந்தது. "நான் புகார் சொன்னேனா? உங்கிட்ட வந்து அழுதேனா? பத்து பேர் நடுவுல என்னை வெச்சுத்தான் நீ நல்லவ ஆகணுமா?"

"மூணாம் நாளே சொல்லியிருக்கணும்."

"சொல்லாம இருந்தல்ல? அப்படியே இருந்திருக்கணும்."

அவளுடைய தற்காலிக வேலை அந்த மாதத்தோடு முடிந்தது. அதே கணக்கை, வரம்பு சேர்த்து, அடுத்த வருடம் கழகம் முழுவதற்கும் கொண்டுவந்தார்கள். அதற்காக அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஒன்பது ஓட்டுநர்களில் இருவர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், மற்றவர்கள் மாதம் மூன்று நாள் ஸ்பிளிட் ஓட்டுகிறார்கள். அண்ணனும் மூன்று நாள்தான் ஓட்டுகிறான். இன்னும் விபத்து இல்லை. பணிமனையில் அவனை ஒத்த மார்க்கு என்றுதான் கூப்பிடுகிறார்கள். புள்ளி வேறு நகரத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், எந்த வயதுக்காரன் எத்தனை விபத்து செய்வான் என்று கணக்கிடுகிறாள். வேலை நிரந்தரம். அண்ணி வருடத்துக்கு ஒரு முறை போன் செய்து எல்லாரும் சௌக்கியம் என்று சொல்லி வைத்துவிடுகிறாள். அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை.