தென்கரைக் கட்டைகள்

ரப்பர் படகில் ஏறுவதற்கு முன் பாண்டிசெல்வி செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்தாள். எதற்குக் கழற்றினாள் என்று அவளுக்கே தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்திருந்த யதிராஜன் அவளுக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, வார்களை இழுத்துக் கட்டினார். நீச்சல் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றாள். அப்படியானால் என்ன நடந்தாலும் இதைக் கழற்றக் கூடாது என்றார்.

இரண்டு நாளாக மலையில் மழை. கண்மாய்க்கு வருகிற கால்வாய் நிரம்பி, கரை தாண்டி, மேலே இருந்த மாந்தோப்பைத் தீவாக்கியிருந்தது. தோப்பின் காவலாள் மாரிசெல்வம் விடியற்காலையிலிருந்து மோட்டார் ரூம் மாடியில் நிற்கிறான். ரூமின் ஒரு பக்கச் சுவர் ஏற்கெனவே சரிந்துவிட்டது. மிச்சச் சுவர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவன் பாண்டிசெல்வியின் புருஷன். ஏழு மாதமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

காலையில் படகு ஒரு தடவை போய்ப் பார்த்தது. பாதி வழியில் அடியில் ஏதோ குத்தி ஒரு காற்றறை கிழிந்து, தப்பித்தோம் பிழைத்தோம் என்று திரும்பி வந்தார்கள். ஒட்டுப் போட்டாகிவிட்டது. இன்னொரு கிழிசலை இந்தப் படகு தாங்காது என்றார் யதிராஜன். தூர்வாரிப் பல வருஷமான கால்வாய். கீழே என்ன கிடக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

பாண்டிசெல்விக்குத் தெரியும். போன சித்திரையில் அந்தக் கால்வாய்க்குள் மண்டிக் கிடந்த சீமைக்கருவேல மரங்களைக் கரிமூட்டத்துக்காக வெட்டியது அவளும் மாரிசெல்வமும்தான். தென்கரை அவளுக்கு, வடகரை அவனுக்கு. சண்டையும் அங்கேதான் தொடங்கியது. தரையோடு வெட்டுங்கள், ஆடு மாடு காலைக் கிழித்துக்கொள்ளும் என்று அவள் சொன்னாள். கட்டையை இடுப்பளவு விட்டால்தான் மறுபடி துளிர்க்கும், இரண்டு வருஷத்தில் இன்னொரு வெட்டு வெட்டலாம் என்றான் அவன். ஒரு முழக் கட்டையில் ஆரம்பித்த பேச்சு அவள் பிறந்த வீடு வரைக்கும் போய்விட்டது. அதற்கப்புறம் ஒரு மாதம் எதிரெதிர் கரையில் வாய் திறக்காமல் வெட்டினார்கள். சண்டை வேறு, சோறு வேறு. காலையில் அவன் தூக்குவாளியை வடகரையில் வைத்துவிட்டுத்தான் தன் கரைக்குப் போவாள். வெட்டு முடிந்த அன்று அவன் தோப்புக் காவலுக்குப் போனவன், வீட்டுக்கு வரவே இல்லை.

"தென்கரையோரமா போங்க சார்," என்றாள் யதிராஜனிடம். "அது நான் வெட்டுனது. முழங்காலுக்கு மேல ஒரு கட்டை இருக்காது."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. இந்த நேரத்திலும் இருந்தது, அதுதான் பாண்டிசெல்வி.

எஞ்சினைத் தூக்கிக் கட்டிவிட்டார்கள். யதிராஜனோடு வந்திருந்த ராஜபாளையத்துப் பையன் விக்னேஷ்வரன் ஒரு பக்கம் துடுப்புப் போட்டான், யதிராஜன் மறு பக்கம். மூங்கில் கழியோடு முன்னால் உட்கார்ந்திருந்த பாண்டிசெல்வி செம்மண் தண்ணீரைப் பார்த்தாள். எதுவும் தெரியவில்லை. கண்ணை மூடினாள்.

கீழே சித்திரை மாதம் அப்படியே இருந்தது. சுடுமணல் உள்ளங்காலைச் சுட்டது. வெட்டிய மரத்தின் பச்சை வாடை மூக்கில் ஏறியது. அரிவாள் தீட்டிய வெள்ளைக் கல்லைத் தாண்டி அவள் நடந்தாள். அடுத்து இரட்டைக் கட்டை, இரண்டும் குட்டை. படகு மேலே போகலாம் என்றாள். அப்புறம் மண் அள்ளிய பெரும்பள்ளம். அங்கே தண்ணீர் சுழித்து இழுக்கும், கரையை ஒட்டிப் போங்கள் என்றாள். சுழி இருந்தது. யதிராஜன் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் துடுப்பை மாற்றிப் போட்டார். கீழே ஒருத்தி முந்தானையைத் தலையில் கட்டிக்கொண்டு மரம் வெட்டுவதும், அவள் தலைக்கு மேலே ஒரு படகு நிழல் விழாமல் போவதும் பாண்டிசெல்விக்கு ஒரே சமயத்தில் தெரிந்தது. கீழே இருந்தவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெயிலில் அவளுக்கு அவ்வளவு வேலை இருந்தது.

"அக்கா, அண்ணனுக்குப் பசி போல," என்றான் விக்னேஷ்வரன்.

அவள் கண்ணைத் திறந்தாள். தூரத்தில் மோட்டார் ரூம் மாடியில் மாரிசெல்வம் தூக்குவாளியை ஆட்டிக்கொண்டிருந்தான். ஏதோ கத்தவும் செய்தான். தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. உயிர் ஊசலாடுகிற நேரத்தில் இந்த மனுஷனுக்குச் சோறு கேட்கிறதா என்று பாண்டிசெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணை மறுபடி மூடப்போனாள்.

அவன் ஆட்டுவதை நிறுத்தினான். ஒரு கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு நீட்டினான். வாளியை அந்தக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு அசையாமல் நின்றான்.

பாண்டிசெல்வி கையை உயர்த்தினாள்.

"நிப்பாட்டுங்க சார்."

இருவரும் துடுப்பைப் பின்னால் போட்டார்கள். படகு தயங்கி நின்றது. அவள் கழியை முன்னால் நீட்டினாள். இரண்டு முழ தூரத்தில், தண்ணீருக்கு ஒரு சாண் கீழே கழி இடித்தது. யதிராஜன் குனிந்து கையை விட்டுத் தடவிப் பார்த்தார். சாய்த்து வெட்டிய கட்டை, நுனி கூராக இருந்தது. கையை வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் ரத்தம் லேசாகக் கசிந்தது.

கட்டெறும்பு ஏறாமல் தன் தூக்குவாளியைத் தொங்கப்போட அவளே தோளுயரத்துக்கு விட்டுவைத்த மரம் அது. ஒரு கிளை முளையும் விட்டிருந்தாள், வாளி மாட்ட. மாதம் முழுக்க அதில்தான் மாட்டினாள். கடைசி நாள் வாளியை எடுத்துக்கொண்டு போனவள் மரத்தை மறந்துவிட்டாள். ஊருக்கு உபதேசம் செய்தவளின் கட்டை! அவள் தலை குனிந்தாள்.

"இது நான் விட்டதுதான் சார்," என்றாள்.

யதிராஜன், திரும்பி வரும்போது தெரியட்டும் என்று அந்தக் கிளை முளையில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையில் காலி கேனைக் கோத்து மிதக்கவிட்டார். பிறகு சுற்றிக்கொண்டு போனார்கள்.

மாரிசெல்வம் படகில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் மோட்டார் ரூமின் இன்னொரு சுவரும் உட்கார்ந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, வாளியை மடியில் வைத்து, பாண்டிசெல்விக்கு எதிரே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்து ஆள் இளைத்திருந்தான். அவளுக்கு அவனைத் திட்ட வேண்டும் போலவும் தொட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

மிதக்கும் கேனைத் தாண்டும்போதுதான் கேட்டாள்.

"எனக்கே மறந்துபோச்சு. ஒங்களுக்கு எப்படி ஞாபகம்?"

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"தெனம் மத்தியானம் வடகரையில நின்னு அதத்தான பாத்துட்டு இருப்பேன். வாளி எறங்குனா நீ சாப்புடப் போறன்னு தெரியும்." வாளி மூடியைத் தடவினான். "அதுக்குப் பொறவுதான் நான் என் வாளியத் தொறப்பேன்."

பாண்டிசெல்விக்கு அழுகை வந்தது. முந்தானையால் மறைக்கக்கூட இல்லை. அவன் மடியிலிருந்த வாளியை வாங்கித் திறந்து பார்த்தாள். உள்ளே மழைத்தண்ணீர்தான் இருந்தது. அதைப் படகுக்கு வெளியே ஊற்றிவிட்டு மூடினாள்.

"தண்ணி வத்துனதும் அந்தக் கட்டைய மொத வேலையா தரையோட எடுத்துறணும்," என்றாள்.

"ரெண்டு கரையிலயும்," என்றான் மாரிசெல்வம்.