ஆமென் சொல்லாத காலை

விடியுமுன்பே உலை இரைந்துகொண்டிருந்தது. கரிப்புகை தொண்டையில் முள்ளாகக் குத்த, மூத்த வார்ப்புக்காரர் முசுடு குனிந்து, மண்தரையில் வரிசையாகக் கிடந்த வார்ப்பு அச்சுகளைப் புறங்கையால் தொட்டுக்கொண்டே போனார். காய்ந்த அச்சு கதகதப்பாக இருக்கும். இவை தவளை வயிறு மாதிரிச் சில்லென்று ஒட்டின. ஈர அச்சில் உருகிய இரும்பை ஊற்றினால் உள்ளே ஆவி சீறும். இரும்பு திரும்பி ஊற்றியவன் மேலேயே பாயும். போன வாரம் அப்படித்தான் பாய்ந்தது. அவருடைய மருமகன் நெஞ்செல்லாம் வெந்து வீட்டில் கிடக்கிறான். அந்த வீடும் முதலாளியுடையது.

"என்ன மாமா, காஞ்சிருக்கா?" என்றான் கூட்டாளி. உருகிய இரும்பை ஏந்தி ஊற்றும் சட்டிக்கு இரண்டு பக்கமும் பிடி. முசுடுக்கு எதிர்ப்பக்கத்துப் பிடி வெகுகாலமாக இவனுடையது.

"என் தொண்டைதான் காஞ்சிருக்கு."

முசுடு என்பது பட்டறை வைத்த பெயர். அவர் யாரையும் நம்பமாட்டார். சங்கத்துக்காரன் சந்தாவுக்கு வருவான், சண்டைக்கு வரமாட்டான் என்பார். போதகருக்குப் பெரிய வீட்டு விருந்தில்தான் ஜெபம் நீளும் என்பார். நம்பியது ஒன்றே ஒன்று: ஒரு ராஜ்யம் வரும், அதற்கு முடிவில்லை, அதில் அழுகிறவன் இல்லை, அதன் ராஜா தச்சுப் பட்டறையில் கை காய்த்தவர். அதுவரை மனுஷன் மனுஷனைக் கைவிட்டுக்கொண்டுதான் இருப்பான். இதிலும் அவருக்குச் சந்தேகமில்லை.

முதலாளி வந்தார். சபையில் முதல் பெஞ்சுக்காரர். உலையைத் திறக்குமுன் எல்லாரும் தொப்பியைக் கழற்றி ஜெபிக்க வேண்டும். மூத்தவரான முசுடு 'ஆமென்' சொல்லும்வரை யாரும் சட்டியைத் தொடக்கூடாது. குறுக்கே பேசுகிறவன் அன்றைக்கே வெளியே. இதெல்லாம் அவரே போட்ட சட்டம்.

"அச்செல்லாம் ஈரம் முதலாளி. நாளைக்கு ஊத்தலாம்."

"சரக்கு இன்னைக்குப் போகணும் பெரியவரே. உம்ம மருமகன் கவனமில்லாம நின்னான், அதுக்கு அச்சு என்ன பண்ணும்? இங்க படுற பாட்டுக்குப் பரலோகத்துல பலன் இருக்கு. பொறுமையா இரும்."

"பரலோகத்தை எங்களுக்கு எழுதி வெச்சுட்டு, பட்டறையை நீங்க வெச்சுக்கிட்டீங்க. நல்ல பாகப்பிரிவினை."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"பேச்சு போதும். ஜெபத்தைச் சொல்லும்!"

முசுடு தொப்பியைக் கழற்றினார். வழக்கமான வரிகளைச் சொல்லி முடித்தார். ஆமென் வரவில்லை.

"ஆண்டவரே, உம்ம ராஜ்யம் வரட்டும்னு தினம் கேக்குறோம். கேட்ட வாயோட ஈர அச்சுல இரும்பை ஊத்துறோம். இது என்ன பொழப்பு? உம்ம ராஜ்யத்துல ஒருத்தன் வேக, இன்னொருத்தன் விக்கிறதெல்லாம் கிடையாது. அது வர்றது நிச்சயம். இவரு ஆட்சி போறதும் நிச்சயம். அப்புறம் போகப்போறவருக்கு நான் எதுக்குப் பயப்படணும்?"

"பெரியவரே..." என்று வாயெடுத்தார் முதலாளி. தொப்பி இல்லாத தலைகள் மொத்தமும் அவர் பக்கம் திரும்பின. அவருடைய சட்டம் அவர் வாயையே அடைத்தது.

"என் மருமகன் நெஞ்சைப் பாரும் ஆண்டவரே. என் பொண்ணு துணி மாத்தி மாத்தி..."

மூச்சு வாங்கியது. நாலெழுத்துக்கு மேல் அறியாதவர், வார்த்தை தீர்ந்துவிட்டது. இனி ஆமென்தான், சட்டிதான் என்று மனம் தளர்ந்தபோது பக்கத்தில் கூட்டாளியின் குரல் கேட்டது.

"ஆண்டவரே, நானும் கொஞ்சம் பேசணும். சட்டியில அந்தப் பக்கம் நிக்கிறவன் நான்தான்."

அவன் முடித்ததும் மண் குழைப்பவர் தொடங்கினார். அவருக்குப் பின் உலைக்காரன், கோயில் குளம் எதுவும் மிதித்தறியாதவன்: "எனக்கு உங்களோட பழக்கமில்லை ஆண்டவரே. ஆனா அச்சு ஈரம்ங்கிறது நெஜம்."

உலைக்குள் இரும்பின் நிறம் மங்கத் தொடங்கியது. முதலாளியின் பொறுமை அதற்கு முன்பே அணைந்துவிட்டது.

"நிறுத்துங்கடா! இது ஜெபமா, வேலைநிறுத்தமா?"

"ரெண்டுந்தான்" என்றார் முசுடு.

"போடா வெளியே! சாயங்காலத்துக்குள்ள உன் வீடு காலியாகணும். ஆள் அனுப்புறேன்."

உலைக்காரன் இரும்பைக் காய்ந்த மணற்குழியில் வடித்துவிட்டான். "இரும்பு உள்ளேயே உறைஞ்சா உலை பாழாப்போயிடும். நாளைக்கும் நாமதானே எரிக்கணும்" என்றான், யாரையும் பார்க்காமல்.

முசுடு திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பார்த்தால் பின்னால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். இவ்வளவு காலம் மனுஷர்களைப் பார்த்தவருக்கு இது தெரியாதா? தெருமுனையில்தான் காலடிச் சத்தம் ஒரு ஆளுக்கு அதிகமாக இருப்பது உறைத்தது.

"எங்கடா எல்லாரும்?"

"உங்க வாசலுக்குத்தான் மாமா" என்றான் கூட்டாளி. "ஆள் வந்தா முதல்ல எங்களைத் தூக்கட்டும்."

"உங்க வீட்டையும் பிடுங்குவான்டா!"

"பிடுங்கட்டும். அப்ப நீங்க எங்க வாசல்ல வந்து உட்காருங்க. என்ன, உங்க மூஞ்சியைப் பார்த்தா என் பிள்ளைங்க அழும்."

மகள் கையில் ஈரத்துணியோடு கதவைத் திறந்தாள். உள்ளே முனகல். கரிபடிந்த அத்தனை முகங்களையும் பார்த்துத் திகைத்தாள்.

"என்னப்பா இது?"

"ராஜ்யம் வர்ற வரைக்கும் காவலுக்கு வந்திருக்காங்க. தள்ளும்மா, நானும் உட்காரணும்."

வாசலின் நடுவில் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் தோள்கள் நெருங்கி வந்து இடித்தன. அவர் நகரவில்லை.