தங்கப்பாண்டிக்கு யாரும் ஆர்டர் போடாதீர்கள்

1

இந்தக் கதை ஒரு மனுவில் பிறந்தது. சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இராமநாதபுரத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கு நான் எழுதுகிறவன் என்று தெரியும். என்ன எழுதுகிறேன் என்றுதான் தெரியாது. ஆகவே மனு எழுத வருவார்கள். போன மாதம் ஹவில்தார் தங்கப்பாண்டியும் வந்தார். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, சித்திரையில் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"அண்ணே, பட்டாளத்துல இருந்து வந்தவன் தனியார் யுனிவர்சிட்டியில படிக்கிறதுக்கு என்ன உதவி கெடைக்கும்னு கேட்டு ஒரு மனு வேணும்."

"மக சிநேகாவுக்கா? அது எட்டாவதுதானப்பா படிக்குது?"

"எனக்குத்தாண்ணே" என்றார். அத்தனை பெரிய மீசைக்காரர் வெட்கப்பட்டு அன்றுதான் பார்த்தேன். மனுவை எழுதிக் கொடுத்தேன். அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு அவர் கதையையும் எழுத ஆரம்பித்தேன்.

2

முதல் தொடக்கம்: பனி மூடிய சிகரத்தில் துப்பாக்கியோடு நின்ற தங்கப்பாண்டியின் கண்கள் எதிரியை...

(அடித்துவிட்டேன். நான் கொடைக்கானலுக்கு அந்தப் பக்கம் பனி பார்த்ததில்லை. அவரைக் கேட்டால், "அங்கன நான் உருளைக்கிழங்கு உரிச்சதுதாண்ணே நெறைய" என்கிறார்.)

இரண்டாவது தொடக்கம்: லீவில் வரும் தங்கப்பாண்டிக்கு மானாமதுரை தாண்டினால் தூக்கம் போய்விடும். பெயரும் நம்பரும் வெள்ளை பெயிண்டில் எழுதிய கறுப்புப் பெட்டியை வாசல் பக்கம் இழுத்து வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொள்வார். இராமநாதபுரம் பிளாட்பாரத்தில் அமுதவள்ளி நிற்பாள். மறுநாள் இருவரும் பாசஞ்சர் ஏறி இராமேஸ்வரம் போவார்கள். கல்யாணமான வருஷத்திலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் இதுதான் வழக்கம்.

இந்தத் தொடக்கம் நிற்கும். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் சொல்லும்போது குரலே இளகிப்போகிறது. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து ஊர்ந்துதான் போகும். கீழே கடல், ஜன்னலில் காற்று, பக்கத்தில் பொண்டாட்டி. "ரிட்டயர் ஆயிட்டு என்ன செய்வீக?" என்று அவள் கேட்டது அந்தப் பாலத்தின் மேல்தான்.

"படிப்பேன்."

"நல்லாருக்கே! எனக்கு ஒரு காரை வீடு கட்டிக் குடுத்துட்டு என்னமும் படிங்க."

"ரெண்டும்தான்" என்றிருக்கிறார். மனுஷன் அன்றைக்கு மகாராஜா. இப்போது புதுப் பாலத்தில் ரயில் விறுவிறுவென்று போய்விடுகிறது. அவ்வளவு பெரிய வாக்குக் கொடுக்க அங்கே நேரமில்லை.

3

ஏன் படிப்பு? மலையில் விழுந்து முட்டி பெயர்ந்தபோது, ராணுவ ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்தவர் அவரை மறுபடி நடக்க வைத்தார். அன்றிலிருந்து அந்த வேலைமேல் ஆசை. சிப்பாய்கள் தங்கும் பேரக்கில் எவனுக்கு இடுப்புப் பிடித்தாலும் "தங்கப்பாண்டிகிட்டப் போ" என்பார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகம் இருக்கிறதே! அந்தக் கூட்டம், அந்தக் கேலி, அந்தத் தகர டம்ளர் டீ, எல்லாமே அவருக்கு இப்போது ஏக்கமாக இருக்கிறது.

பழைய பிளஸ் டூ மார்க்குக்கு அரசு இடம் கிடைக்காது. மதுரைப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளத் தயார். பணத்துக்கு அவர் கவலையே படவில்லை. பட்டாளத்தானுக்குப் படிப்பு இலவசம் என்று பேரக்கில் சீனியர்கள் எல்லோரும் சொல்வார்களாம். பதினேழு வருஷமும் அதை அப்படியே நம்பிவிட்டார். பட்டாளத்தில் மேலே இருப்பவன் சொன்னதை எவன் சரிபார்க்கிறான்?

மனுவோடு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்த வசந்தகுமாரும் பழைய சிப்பாய்தான். உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பொறுமையாகச் சொன்னார்.

"அண்ணே, உங்க மக காலேஜ் போனா ஸ்காலர்ஷிப் இருக்கு. நீங்க இல்லாமப் போனா வீட்டம்மாவுக்கும் இருக்கு. நீங்க கேக்குற படிப்புக்கு, உங்களுக்குன்னு இங்கன எதுவும் இல்லண்ணே."

"அப்ப நான் செத்தாத்தான் என் வீட்டுல படிப்பா?" என்று இவர் கேட்க, இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள்.

ஆக, மிஞ்சியது ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த மொத்தப் பணம். அதை நம்பித்தான் அமுதவள்ளியின் வீடு; இரண்டுக்கும் அது காணாது. அஸ்திவாரம் முடிந்து தூண் எழும்பி, கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது.

4

அமுதவள்ளி விஷயத்தில் எனக்குத் தடுமாற்றம். முதல் வரைவில் அவளைச் சண்டைக்காரி ஆக்கினேன். இரண்டாவதில் தாலிக்கொடியைக் கழற்றித் தரும் தியாகி ஆக்கினேன். அவளே கழற்றிக் கொடுத்தாள், கண்ணீரோடு அவர்... சீச்சீ. எனக்கே குமட்டியது.

முடிவுகளும் அப்படித்தான். ஒன்றில் வீட்டுக்குக் கான்கிரீட் போட்டு, தங்கப்பாண்டி பாங்கு வாசலில் துப்பாக்கியோடு காவல் நிற்கிறார். இன்னொன்றில் கம்பி துருப்பிடிக்கிறது, அவர் கறுப்புப் பெட்டியோடு ஹாஸ்டலுக்குப் போகிறார். மூன்றாவதில் பென்ஷன்மேல் கடன் வாங்கி இரண்டையும் பாதி பாதி...

பல்கலைக்கழகத்தில் பணம் கட்டத் திங்கட்கிழமை கடைசி நாள். நேற்று சாயங்காலம் தங்கப்பாண்டி வந்தார். வழக்கம்போல விறைப்பாக நின்றார்.

"முடிவு எழுதியாச்சாண்ணே?"

"மூணு இருக்கு. எது பிடிக்குதுன்னு நீயே..."

"ஒண்ணைச் சொல்லுங்கண்ணே. நீங்க எழுதுனபடி செஞ்சுடுறேன்."

விளையாட்டில்லை. கண்ணில் அப்படி ஒரு நிம்மதி. தாள்களை எடுத்து மேஜைக்குள் வைத்துப் பூட்டினேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

5

இன்று காலையில் அமுதவள்ளி வந்தாள். அவள் உட்கார்ந்தாள்.

"அண்ணே, முடிவை எழுதிப்புடாதீக."

"ஏம்மா, படிப்புன்னு எழுதிருவேன்னு பயமா?"

"நீங்க எதை எழுதுனாலும் பயந்தான். கல்யாணம் அவுக ஆத்தா சொல்லி, வேலை அவுக அய்யா சொல்லி, லீவு ஆபீசர் சொல்லி. அவுக தன் வாயால 'எனக்கு இது வேணும்'னு சொன்னது அந்தப் பாம்பன் பாலத்துல ஒரு தடவைதாண்ணே. எனக்கு வீடு வேணும். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஆர்டர்னு நெனச்சு அவுக கட்டுன வீட்டுல எனக்குத் தூக்கம் வராது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "படிக்கப் போனாலும் அவுகளாச் சொல்லிட்டுப் போகட்டும். நான் சண்டை போடுவேன். போடத்தான் செய்வேன். போகட்டும்."

(அவளை நான் இரண்டு வரைவிலும் சரியாகப் பிடித்து எழுதவில்லை என்பது இப்போது தெரிகிறது.)

6

மூன்று முடிவுகளையும் கிழித்துவிட்டேன். இன்று சனிக்கிழமை. இன்னும் நேரம் இருக்கிறது.

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது உண்டு. நான் அதையும் செய்ய மாட்டேன். வீடா படிப்பா என்று உங்களுக்கு இந்நேரம் ஒரு தீர்மானம் வந்திருக்கும். தயவுசெய்து அதை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் தங்கப்பாண்டி உங்களிடமும் வருவார். விறைப்பாக நின்று, "என்ன செய்யட்டும் சார்?" என்பார். எதுவும் சொல்லாதீர்கள்.

முதலில் அவரை உட்காரச் சொல்லுங்கள்.